வாசனைப் பொருள் பற்றீரியாவுக்கு நஞ்சா: சோதனை சரிவராதபோது எங்கே பார்ப்பது

திருகோணமலையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்கு உதவியாளராக இருக்கிறேன். லினலூல், யூஜினோல், ஜெரானியோல், லிமோனீன் என்று ஏதாவது ஒரு வாசனைப் பொருளைப் போத்தலில் கொண்டுவந்து, "இது பற்றீரியாவை என்ன செய்யும் என்று பார்க்க வேணும் மிஸ்" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். இப்போது வீட்டில் சவர்க்காரம் செய்து விற்பவர்களும் வருகிறார்கள். இதில் வரும் பிழைகள் பெரும்பாலும் பழைய பிழைகளேதான். அவற்றைத் திருத்தித் திருத்திக் கொப்பியில் எழுதி வைத்தவற்றை இங்கே தருகிறேன். உங்கள் தட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

அதற்கு முன் ஒன்று. இந்த நான்கு கட்டுப்பாட்டுத் தட்டுகளும் (ஒப்பிட்டுப் பார்க்க வைப்பவை) இல்லாமல் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது:

வெறும் ஏகார் (பற்றீரியா வளர்க்கும் கூழ்) மட்டும் உள்ள தட்டு. பற்றீரியா மட்டும் பூசிய தட்டு. பற்றீரியா பூசி, கரைப்பான் மட்டும் ஊறிய கடதாசி வில்லை வைத்த தட்டு. பற்றீரியா பூசி, ஜென்டமைசின் என்ற அன்ரிபயோற்றிக் 10 மைக்றோகிராம் உள்ள வில்லை வைத்த தட்டு.

ஏகார் மிச்சம் பிடிக்க இவற்றை விட்டுவிடுபவர்கள் பிறகு மூன்று வாரத்தை இழக்கிறார்கள். நான் முடிவைக் கேட்பதற்கு முன் இந்த நான்கையும்தான் கேட்பேன்.

வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டமே இல்லை

தெளிந்த வட்டம் என்பது பற்றீரியா வளராத இடம். முதலில் ஜென்டமைசின் தட்டைப் பாருங்கள். சோதனைகளை ஒப்பிடவென்றே வைத்திருக்கும் ஈ. கோலை ஏரிசிசி 25922 என்ற பற்றீரியா வகையை வைத்திருந்தால் அங்கே வட்டம் 19 முதல் 26 மில்லிமீற்றருக்குள் வர வேண்டும். அங்கும் வட்டம் சிறுத்திருந்தாலோ இல்லாவிட்டாலோ, வாசனைப் பொருளைக் குறைசொல்ல வேண்டாம். பூசிய பற்றீரியா அடர்த்தி கூடிவிட்டது, அல்லது ஏகார் தடித்துவிட்டது, அல்லது ஜென்டமைசின் வில்லை பழையது. 90 மில்லிமீற்றர் தட்டுக்கு 25 மில்லிலீற்றர் ஊற்றினால் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்பு வரும். கண்மதிப்பில் ஊற்றாதீர்கள், அளந்து ஊற்றுங்கள்.

ஜென்டமைசின் வட்டம் சரியாக இருந்தால், அடுத்து சந்தேகிக்க வேண்டியது துளி பறந்துபோனதை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்களிடம் நடப்பது பெரும்பாலும் இதுதான். வில்லையில் துளியை விட்டு, மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, பிறகு தட்டில் வைத்தால் லிமோனீன் போன்றவை அதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும். வெறும் வில்லையை முதலில் ஏகாரில் வையுங்கள். அதன்மேல் 10 மைக்றோலீற்றர் விட்டு, உடனே மூடி, ஓரத்தைப் பரஃபில்மால் (இழுபடும் மெழுகுத் தாள்) சுற்றுங்கள். இதைச் செய்த அடுத்த நாளே வட்டம் வந்த தட்டுகளைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்படியும் வரவில்லையா? பொருள் ஏகாருக்குள் பரவாமல் இருக்கலாம். லினலூல் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் கரையும். தோடம்பழத் தோலில் உள்ள லிமோனீனோ லீற்றருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும். அது வில்லைக்கு அடியிலேயே எண்ணெயாக இருந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பற்றீரியா பூசிய தட்டைத் தலைகீழாக வைத்து, மூடியின் உட்பக்கத்தில் வடிதாள் துண்டு ஒன்றை வைத்து, அதில் துளியை விடுங்கள். பொருள் ஏகாரைத் தொடாது, ஆவி மட்டும் மேலே போகும். துண்டுக்கு நேர் மேலே ஏகார் தெளிந்திருந்தால் உங்கள் பொருள் நஞ்சுதான், வில்லை முறைக்கு மட்டும் அது தெரியவில்லை. அப்போது, கீழே சொல்லும் குழாய் முறைக்கு (வளர்ப்புக் கரைசலில் செய்வது) மாறுங்கள். இதே காரணத்தால், இரண்டு வேறு பொருள்களின் வட்டங்களை அளந்து "இது அதைவிட வலியது" என்று எழுத முடியாது. பெரிய வட்டம் நன்றாகப் பரவும் பொருளுடையதாகவும் இருக்கலாம்.

அடுத்தது போத்தல். கடையில் "லவெண்டர்" என்று எழுதி விற்பது லினலூல் என்று பலர் நம்பி வருகிறார்கள். பகுப்பாய்வுக்குக் காசு கட்டுவதற்கு முன் தராசை எடுங்கள். ஒரு மில்லிலீற்றரைப் பிப்பெற்றால் எடுத்து நிறுங்கள். லினலூல் 0.86 கிராம் அளவில் இருக்கும், லிமோனீன் 0.84, யூஜினோல் 1.06. "லினலூல்" என்று தந்தது ஒரு கிராமுக்கு மேல் நிறுத்தால் அதில் வேறொரு திரவம் கலந்திருக்கிறது. வாசனைப் பொருள்களை ஐதாக்கப் பயன்படும் கிளைக்கோல்கள் தண்ணீரைவிடச் சற்றுப் பாரமானவை. கறுவா இலை எண்ணெய்க்கு இன்னும் எளிது: அதில் பெரும்பகுதி யூஜினோல் என்பதால் நல்ல எண்ணெய்த் துளி தண்ணீரில் தாழும். மிதந்தால் கேள்வி கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வட்டம் இல்லை என்றால், அந்த அளவில் அந்தப் பொருள் அந்தப் பற்றீரியாவை ஒன்றும் செய்யவில்லை. அதுவும் ஒரு முடிவுதான். சூடோமோனஸ் எருஜினோசா என்ற பற்றீரியாவை வைத்துச் செய்தால் இது அடிக்கடி வரும். வட்டம் வராத பிள்ளைகள் முகம் வாடி நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். நான்கு தட்டுகளும் சரியாக இருந்தால் துணிந்து எழுதுங்கள்.

எந்தத் தட்டிலும் ஒன்றும் வளரவில்லை

பற்றீரியா மட்டும் பூசிய தட்டும் வெறுமையாக இருக்கிறது என்றால் கேள்வி வாசனைப் பொருளைப் பற்றியதல்ல.

சுடரில் காட்டிய கம்பி வளையத்தை ஆறவிடாமல் பற்றீரியாவுக்குள் விட்டீர்களா? ஏகாரின் ஓரத்தில் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், "சீ" என்ற சத்தம் கேட்கக் கூடாது.

பற்றீரியாவைக் கலக்கிய உப்புக் கரைசலை எந்தத் தண்ணீரில் செய்தீர்கள்? குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நிலாவெளிப் பக்கத்துக் கடலோரக் கிணறுகளில் சிலவற்றில் உவர். இரண்டும் வேண்டாம். ஆய்வுகூடத்தில் வடித்த தண்ணீர் தீர்ந்திருந்தால், பற்றரிக்கு ஊற்றவென்று விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். அமிலம் கலந்த போத்தலும் கடையில் அதன் பக்கத்தில்தான் இருக்கும், லேபலை வாசித்து வாங்குங்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் முதலில் நம்புவதில்லை: ஆவி. எல்லாத் தட்டுகளையும் ஒரே பிஸ்கற் தகரத்துக்குள் அடுக்கி மூடினால், கராம்பு எண்ணெய்த் தட்டிலிருந்து எழும் ஆவி பக்கத்துத் தட்டுகளுக்குள்ளும் போகும். மூடியைத் திறந்ததும் தகரம் முழுக்க மணந்தால் சந்தேகமே வேண்டாம். கட்டுப்பாட்டுத் தட்டுகளை வேறு பெட்டியில், முடிந்தால் வேறு அறையில் வையுங்கள்.

இவை மூன்றும் இல்லை என்றால் இன்கியுபேற்றர். முகப்பில் 37 பாகை காட்டிக்கொண்டு உள்ளே 45 பாகைக்கு மேல் போன பெட்டி ஒன்றை வைத்து நாங்கள் ஒரு மாதம் சிரமப்பட்டோம். தண்ணீர் நிறைந்த சின்னப் போத்தலுக்குள் வெப்பமானியை இட்டு உள்ளே வைத்து, இரண்டு மணிநேரம் கழித்துப் பாருங்கள். இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மின்திருத்துநரைக் கூப்பிடுங்கள். வெப்பக் கட்டுப்படுத்தியை நீங்களே திறக்க வேண்டாம்.

கரைப்பான் மட்டும் வைத்த தட்டிலும் வட்டம் இருக்கிறது

அப்படியானால் மற்ற வட்டங்களை நம்ப முடியாது. மருந்துக் கடையில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைப் பயன்படுத்தினீர்களா? அதில் எதனோலைத் தவிர வேறு பொருள்களும் கலந்திருக்கலாம். தூய எதனோலுக்கு மாறுங்கள். ஆனால் எதனோல் வில்லையைக் காயவிட்டால் வாசனைப் பொருளும் கூடவே போகும் என்று மேலே சொன்னேன். ஆகவே நான் டிஎம்எஸ்ஓ (டைமெதில் சல்பொக்சைட்டு) என்ற கரைப்பானைத்தான் விரும்புகிறேன். குழாய்ச் சோதனையில் அது மொத்தக் கனவளவில் 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், டிஎம்எஸ்ஓ தோலுக்குள் போகும்போது தன்னில் கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

வட்டம் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது, அல்லது வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன

தட்டு சரிந்த மேசையில் உறைந்திருக்கும், அல்லது வில்லை வைத்த பிறகு நகர்ந்திருக்கும். ஏகாரின் மேல் ஈரம் பளபளத்தால் மூடியைச் சற்றுத் திறந்து சில நிமிடம் விட்டு, பிறகு பூசுங்கள். வட்டங்கள் கலந்துபோனால் ஒரு தட்டில் வைத்த வில்லைகள் அதிகம். அன்ரிபயோற்றிக்குக்கு ஒரு தட்டில் பல வில்லை வைப்பது வழக்கம்தான். ஆவியாகும் வாசனைப் பொருளுக்கு ஒரு தட்டில் ஒரு வில்லை.

குழாயில் எல்லாமே கலங்கலாக இருக்கிறது: வளர்ச்சியா, எண்ணெயா?

இதுதான் அதிகம் குழப்பும் இடம். குழாய் முறையில் செறிவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போய், எந்தக் குழாய் வரை தெளிந்திருக்கிறது என்று பார்ப்போம். ஆனால் கரையாத வாசனைப் பொருள் தானே பால்போலக் கலங்கும். செறிவு கூடிய குழாய்தான் மிகவும் கலங்கியிருக்கும். அதைப் பார்த்து "பற்றீரியா நன்றாக வளர்ந்திருக்கு" என்று எழுதிய அறிக்கைகளைத் திருத்தியிருக்கிறேன்.

காசில்லாத சோதனை: ஒவ்வொரு செறிவுக்கும் பற்றீரியா இல்லாத ஒரு குழாயையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கலங்கியிருந்தால் கண்ணால் முடிவு சொல்ல முடியாது.

அப்போது ரெசாசூரின். நீல நிறச் சாயம், உயிருள்ள பற்றீரியா அதை இளஞ்சிவப்பாக்கும். அடுத்த நாள் காலையில் சில துளி விட்டு இரண்டு முதல் நான்கு மணிநேரம் வைத்துப் பாருங்கள். நீலமாகவே இருந்தால் வளர்ச்சி தடுக்கப்பட்டிருக்கிறது. பற்றீரியா இல்லாத குழாய்க்கும் சாயம் விடுங்கள். அது தானாக நிறம் மாறினால் உங்கள் பொருளே சாயத்தைத் தாக்குகிறது, இந்த வழி உங்களுக்கு உதவாது.

சாயம் கிடைக்காவிட்டால், அல்லது சாயமும் குழப்பினால், தட்டில் பூசிப் பாருங்கள். எனக்கு எப்போதும் அதிக நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் தடுப்பதும் கொல்வதும் வேறு என்பதை இதுதான் காட்டும். தொடக்கத்தில் மில்லிலீற்றருக்கு 5 இலட்சம் பற்றீரியா இட்டிருந்தால் 10 மைக்றோலீற்றரில் 5,000 இருக்கும். அந்த 10 மைக்றோலீற்றரைப் புதிய தட்டு முழுக்கப் பரப்பி, அடுத்த நாள் எண்ணுங்கள். 5 குடியிருப்புகளோ (பற்றீரியாப் புள்ளிகள்) அதற்குக் குறைவோ என்றால் 99.9 சதவீதம் செத்துவிட்டன. நிறைய முளைத்தால் பொருள் அவற்றை நிறுத்தி மட்டும் வைத்திருந்தது. ஒரே இடத்தில் துளியாக வைக்காமல் தட்டு முழுக்கப் பரப்பச் சொல்வது, கூடவே வந்த வாசனைப் பொருள் ஐதாகட்டும் என்பதற்காக.

எண்ணெய் மேலே மிதந்து பிரிந்தால் பலரும் டுவீன் 80 (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள்) சேர்ப்பார்கள். அரை சதவீதம் வரை சேர்க்கலாம். ஆனால் அது சில வாசனைப் பொருள்களின் வேகத்தைக் குறைத்துக் காட்டும். அதற்குப் பதிலாக வளர்ப்புக் கரைசலில் 0.15 சதவீதம் ஏகார் சேர்த்துப் பாருங்கள். கஞ்சித் தண்ணீர் பதத்தில் இருக்கும், துளிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எதைச் சேர்த்தாலும் அதைக் கட்டுப்பாட்டுக் குழாயிலும் சேர்க்க மறக்காதீர்கள்.

போன கிழமை ஒன்று, இந்தக் கிழமை ஒன்று

முதலில் பதற்றப்பட வேண்டாம். பாதி பாதியாகக் குறைக்கும் சோதனையில் முடிவு ஒரு குழாய் மேலோ கீழோ போவது வழமை. இரண்டு குழாய்க்கு மேல் தாண்டினால்தான் தேட வேண்டும்.

எளிதான காரணம், ஒவ்வொரு தடவையும் வேறு அளவு பற்றீரியா. கண்ணால் பார்த்து "அதே கலங்கல்தான்" என்று சொல்வது போதாது. மக்பார்லண்ட் 0.5 அளவுகோலை (கலங்கலை ஒப்பிடும் குழாய்) ஒரு தடவை செய்து வையுங்கள்: 1 சதவீத சல்பூரிக் அமிலம் 9.95 மில்லிலீற்றர், 1.175 சதவீத பேரியம் குளோரைட்டு 0.05 மில்லிலீற்றர். ஒரே அளவான மூடியுள்ள குழாயில் அடைத்து, இருட்டில் வைத்து, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கி, கறுத்தக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டைக்கு முன் பற்றீரியாக் குழாயோடு ஒப்பிடுங்கள். அந்தக் கலங்கல் மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 15 கோடி பற்றீரியா. அமிலத்தை ஆசிரியரோ பொறுப்பாளரோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். அடர்த்தியைச் சரிசெய்து 15 நிமிடத்துக்குள் பூசி முடியுங்கள். எங்கள் வெக்கையில் அது மேசையில் நின்றபடியே பெருகும்.

இரண்டாவது, மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது இன்கியுபேற்றரில் வைத்த எதையும் நம்ப முடியவில்லை. இப்போதும் இரவில் ஒரு தடவை கரண்ட் போனால் காலையில் வருபவருக்கு அது தெரியாது. கூடிய வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். எங்கள் ஊரின் வெயில் காலத்தில் அறை வெப்பமே 30 பாகையைத் தாண்டும், ஈ. கோலை அதிலும் வளரும், மெதுவாகத்தான். மின்சாரம் போன இரவின் தட்டை எறியத் தேவையில்லை, ஆனால் மற்ற நாள்களின் கணக்கோடு சேர்க்கவும் கூடாது.

மூன்றாவது, போத்தலுக்குள் நடக்கும் மாற்றம். ஆளைச் சுற்றவிடும் காரணம் இதுதான். லினலூலும் லிமோனீனும் காற்றுப் பட்டால் மெதுவாக ஒட்சியேறி ஐதரோபெரொட்சைட்டுகளாகும். தோலில் ஒவ்வாமை வருவதற்குப் பெரிதும் காரணம் அந்த மாறிய பொருள்கள்தான். பாதி காலியான போத்தல், அடிக்கடி திறந்தது, ஜன்னலோரத்தில் வைத்தது என்றால் இன்று நீங்கள் சோதிப்பது ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய பொருளே அல்ல. முடிவு எந்தப் பக்கமும் சரியலாம். பொற்றாசியம் அயடைட்டைச் சிறிது எடுத்து, அசற்றிக் அமிலத்தில் கலந்து, சில துளி வாசனைப் பொருளை விடுங்கள். வாசனைப் பொருள் இல்லாத ஒரு குழாயும், புதிதாகத் திறந்த போத்தலிலிருந்து ஒரு குழாயும் பக்கத்தில் வேண்டும். பழையது மட்டும் மஞ்சளோ கபிலமோ ஆனால் அதை ஒதுக்குங்கள். புதிதாக வாங்கியதும் சின்னச் சின்னக் கபிலக் கண்ணாடிப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, திறந்த திகதியை எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு சோதனைக்கு ஒரு போத்தல்.

பிளாஸ்ரிக் தட்டு மங்கி, பிசுபிசுக்கிறது

லிமோனீன் பொலிஸ்ரைரீனைக் கரைக்கும். சாதாரண ஒருமுறைத் தட்டுகள் அதில் செய்யப்பட்டவைதான். கண்ணாடித் தட்டுக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் மாறுங்கள். மங்காத தட்டும் பொருளை உறிஞ்சியிருக்கலாம் என்பதால், தேசிக்காய், தோடம்பழ வாசனைகளுக்கு நான் பிளாஸ்ரிக்கைத் தருவதே இல்லை.

வெறும் ஏகார்த் தட்டிலும் ஏதோ வளர்ந்திருக்கிறது

பஞ்சுபோல, பச்சை அல்லது கறுப்பு என்றால் பூஞ்சணம். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்ததும், ஒக்டோபருக்குப் பிறகு, இது வரும். ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, சுடருக்குப் பக்கத்தில் ஊற்றுங்கள். வழுவழுப்பான புள்ளிகள் என்றால் ஏகார் சரியாகக் கிருமி நீக்கப்படவில்லை: ஓட்டோகிளேவில் (அழுத்த ஆவிக் கலம்) 121 பாகையில் 15 நிமிடம், அதுவும் ஆவி நன்றாக வந்து காற்று வெளியேறிய பிறகு எண்ண வேண்டிய 15 நிமிடம். பூஞ்சணத் தட்டை ஒருபோதும் திறந்து மணந்து பார்க்காதீர்கள்.

எங்கே நிறுத்தி, யாரைக் கூப்பிடுவது

எங்கிருந்து வந்தது என்று தெரியாத பற்றீரியாவைப் பாடசாலையில் வளர்க்க வேண்டாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றிலிருந்தோ, வாய்க்காலிலிருந்தோ எடுத்து வளர்க்கலாமா என்று ஆசையோடு கேட்பார்கள். ஆசை நல்லதுதான், ஆனால் 37 பாகையில் வளர்வது நம் உடம்பிலும் வளரக்கூடியது. அதை நுண்ணுயிரியல் படித்த ஒருவர் பொறுப்பேற்கும் ஆய்வுகூடத்துக்கு விடுங்கள். பற்றீரியாக் குழாய் கையில் உடைந்து வெட்டினால் கழுவிவிட்டு வைத்தியரிடம் போங்கள், என்ன பற்றீரியா என்று எழுதிக் கொண்டுபோங்கள். வாசனைப் பொருளோடு வேலை செய்யும்போது தலையிடித்தாலோ தோல் சிவந்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். முடிந்த தட்டுகளைக் குப்பையில் போடாமல் ஓட்டோகிளேவில் 121 பாகையில் அரை மணிநேரம் வைத்து அழியுங்கள்.

"கிருமி கொல்லும்" என்று சவர்க்கார உறையில் அச்சடிக்க விரும்புகிறீர்களா? எங்கள் தட்டு அதற்குப் போதாது. கழிவுநீரில் போனால் சுத்திகரிப்புத் தொட்டியின் பற்றீரியாவுக்கு என்ன ஆகும் என்பது கேள்வி என்றாலும் அப்படியே. அதற்கு ஓஈசிடி 209 என்ற தனிச் சோதனை இருக்கிறது, அந்தத் தொட்டியின் சேற்றிலுள்ள பற்றீரியாவின் சுவாசத்தை அளப்பது. ஒளிரும் பற்றீரியாவை 15 பாகையில் வைத்துச் செய்யும் ஐஎஸ்ஓ 11348 இன்னொன்று. இரண்டும் கருவிகள் உள்ள இடத்து வேலை. போத்தலில் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் தராசுக்குப் பிறகும் தீராவிட்டால் வாயு நிறப்பிரிகைப் பகுப்பாய்வுதான் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டுவது) வழி. கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடத்தில் முன்கூட்டியே கேட்டு, எவ்வளவு மாதிரி வேண்டும், கட்டணம் என்ன என்று அறிந்துகொண்டு அனுப்புங்கள்.

அனுப்பும்போது சின்னக் கபிலப் போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைப் பரஃபில்மால் சுற்றி, வாங்கிய திகதியையும் திறந்த திகதியையும் எழுதுங்கள். பகல் பஸ்ஸின் சூட்டில் வேண்டாம். இரவு ரயிலில் போகும் நம்பிக்கையான ஒருவரிடம், ஐஸ் பை வைத்த பெட்டியில் கொடுத்துவிடுங்கள். வாசனைப் பொருளை மட்டும். பற்றீரியாவை ஒருநாளும் அப்படிக் கொடுத்தனுப்பக் கூடாது, அதை வாங்கும் ஆய்வுகூடமே எப்படி அனுப்புவது என்று சொல்லும்.